பொம்மைக்குச் சோறு ஊட்டும் குழந்தை... தனியா பேசிக்கிட்டே என்ன கத்துக்குது? பொம்மை விளையாட்டு பற்றி ஆய்வுகள் சொல்வது என்ன?

"ஒரே ஒரு வாய் செல்லம்... சாப்பிட்டாத்தான் பார்க்குக்கு கூட்டிட்டுப் போவேன்!"

காலையில் அம்மா சொன்ன அதே வசனம். மாலையில் அதைச் சொல்வது மூன்று வயதுக் குழந்தை. கேட்டுக்கொண்டிருப்பது கை உடைந்த ஒரு பிளாஸ்டிக் பொம்மை. குழந்தை இருக்கும் எல்லா வீடுகளிலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம்.

பெரும்பாலான பெற்றோர் இதைப் பார்த்துச் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். சிலர், "விளையாடினது போதும், வந்து ஏ, பி, சி, டி எழுது" என்று இழுத்துச் செல்வார்கள். ஆண் குழந்தையாக இருந்தால், "பொம்பளப் புள்ள மாதிரி என்னடா இது?" என்ற கேள்வியும் வரும்.

ஆனால், குழந்தை வளர்ச்சி பற்றிய ஆய்வாளர்கள் இந்த விளையாட்டை நூறு ஆண்டுகளாகக் கூர்ந்து கவனித்து வருகிறார்கள். அவர்கள் கண்டது என்ன? எது நிரூபிக்கப்பட்டது, எது இன்னும் விவாதத்தில் இருக்கிறது? பெற்றோர் எதைக் கவனிக்க வேண்டும்? விரிவாகப் பார்க்கலாம்.

'பாவனை விளையாட்டு' என்றால் என்ன?

இல்லாத ஒன்றை இருப்பதாக வைத்துக்கொண்டு ஆடுவதுதான் பாவனை விளையாட்டு. காலி டம்ளரில் காபி குடிப்பது, சீப்பை போனாக வைத்து "ஹலோ, தாத்தாவா?" என்று பேசுவது, பொம்மைக்குக் காய்ச்சல் என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பது எல்லாம் இதில் அடங்கும்.

நமக்கு இது புதிதல்ல. மணலில் வீடு கட்டி விளையாடும் 'சிற்றில்', மணலைச் சோறாகச் சமைக்கும் 'சிறுசோறு', மணலில் செய்த பாவையை வைத்து ஆடும் 'வண்டல்' ஆகியவை சங்க இலக்கியத்திலேயே வருகின்றன. ஆண்பால் பிள்ளைத்தமிழில் 'சிற்றில்' என்று தனிப் பருவமே உண்டு. சொப்புச் சாமானும் மரப்பாச்சியும் அதன் தொடர்ச்சிதான். அதாவது, பிளாஸ்டிக் பொம்மை வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே குழந்தைகள் இதே ஆட்டத்தைத்தான் ஆடியிருக்கிறார்கள்.

எந்த வயதில் என்ன நடக்கும்?

குழந்தைக்குக் குழந்தை கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். பொதுவான வரிசை இதுதான்:

• 1 வயதை ஒட்டி: காலி கப்பைத் தானே குடிப்பது, தூங்குவது போல் கண்ணை மூடுவது. ஆட்டம் தன்னைச் சுற்றியே இருக்கும்.

• ஒன்றரை வயதை ஒட்டி: அதே கப்பைப் பொம்மையின் வாயில் வைப்பது. 'எனக்குப் பசிப்பது போல இதுக்கும் பசிக்கும்' என்ற இடத்துக்குக் குழந்தை வந்துவிடுகிறது.

• இரண்டு முதல் இரண்டரை வயது: மரக்கட்டையை இட்லியாக்கிப் பொம்மைக்கு ஊட்டுவது. ஒரு பொருள் இன்னொரு பொருளுக்குப் பதிலாக நிற்கிறது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி., 30 மாதக் குழந்தைக்கான வளர்ச்சி மைல்கல்லாகச் சொல்வதும் இதையேதான்.

• மூன்று வயதை ஒட்டி: பொம்மையே 'பேச' ஆரம்பிக்கும். "அம்மா, எனக்குத் தூக்கம் வரல" என்று பொம்மையின் குரலில் குழந்தை பேசும்.

• நான்கு வயதுக்குப் பிறகு: "நீ டாக்டர், நான் அம்மா, இது பாப்பா" என்று வேடம் பிரித்து, கதை அமைத்து, மற்ற குழந்தைகளோடு சேர்ந்து ஆடுவது.

முதலில் கவனித்தவர்கள் யார்?

சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த உளவியலாளர் ழான் பியாஜே, தன் சொந்தப் பிள்ளைகளையே நாள் தவறாமல் கவனித்துக் குறிப்பெடுத்தவர். ஒன்றேகால் வயதில் அவருடைய மகள் ஒரு துணியைத் தலையணையாகப் பாவித்து, தூங்குவது போல் நடித்ததை அவர் பதிவு செய்திருக்கிறார். கண் முன்னால் இல்லாத ஒன்றை மனதுக்குள் உருவமாக வைத்துக்கொள்ளும் திறன் வந்துவிட்டது என்பதற்கு இது அடையாளம் என்றார். இதுபற்றிய அவருடைய நூல் 1945-ல் வெளியானது.

ரஷ்ய உளவியலாளர் லெவ் வைகாட்ஸ்கி இன்னொரு கோணத்தைப் பிடித்தார். 1933-ல் அவர் ஆற்றிய உரையில், ஒரு குச்சியைக் குதிரையாக ஓட்டும் குழந்தையை உதாரணமாக எடுத்துக்கொண்டார். குச்சி வேறு, 'குதிரை' என்ற எண்ணம் வேறு என்று பிரிக்கக் குழந்தை பழகுவது இந்த விளையாட்டில்தான் என்பது அவர் வாதம். எழுத்தும் அப்படித்தானே? 'மரம்' என்ற மூன்று எழுத்து மரம் அல்ல, மரத்துக்குப் பதிலாக நிற்கும் குறி. கட்டையை இட்லியாக்கும் குழந்தை, பின்னாளில் எழுத்துக்கும் எண்ணுக்கும் தேவைப்படும் அதே வேலையைத்தான் செய்கிறது.

வைகாட்ஸ்கி சொன்ன இன்னொரு விஷயமும் முக்கியம். பாவனை விளையாட்டு பார்க்கச் சுதந்திரமாகத் தெரிந்தாலும் அதற்குள் விதிகள் இருக்கின்றன. 'அம்மா'வாக நடிக்கும் குழந்தை அம்மா செய்வதைத்தான் செய்ய வேண்டும். பாப்பா தூங்கும்போது கத்தக்கூடாது. கத்தினால், "ஏய், நீ அம்மாதானே!" என்று உடன் விளையாடும் குழந்தையே பிடித்துக்கொள்ளும். நிஜத்தில் ஒரு நிமிடம் அடங்காத பிள்ளை, ஆட்டத்தில் தானே வாயைப் பொத்திக்கொள்வது இதனால்தான்.

சரி, குழந்தைகள் எதையெல்லாம் பழகுகிறார்கள்?

1. அடுத்தவர் மனசைப் புரிந்துகொள்வது

'எனக்குத் தெரிந்தது எல்லாருக்கும் தெரியும்' என்றுதான் சின்னக் குழந்தைகள் நினைப்பார்கள். அடுத்தவருக்குத் தனி மனசு, தனி எண்ணம் உண்டு என்பது மெல்ல மெல்லத்தான் பிடிபடும். இதைச் சோதிக்கும் புகழ்பெற்ற முறையே இரண்டு பொம்மைகளை வைத்து நடப்பதுதான்.

1985-ல் சைமன் பேரன்-கோஹன், ஆலன் லெஸ்லி, உட்டா ஃப்ரித் ஆகிய மூவர் வெளியிட்ட ஆய்வு அது. சாலி என்ற பொம்மை ஒரு கோலியைக் கூடையில் வைத்துவிட்டு வெளியே போகிறது. ஆன் என்ற பொம்மை அதை எடுத்துப் பெட்டிக்குள் வைத்துவிடுகிறது. சாலி திரும்பி வந்து எங்கே தேடும்? பெரும்பாலான மூன்று வயதுக் குழந்தைகள், "பெட்டியில" என்பார்கள். நான்கு வயதைத் தாண்டியவர்களில் பலர், "கூடையில. அதுக்குத்தான் தெரியாதே!" என்பார்கள். பொம்மைக்கு ஒரு மனசு இருப்பதாக வைத்துக்கொண்டு யோசிப்பதால்தான் இந்தச் சோதனையே நடக்கிறது.

2. உணர்ச்சிக்குப் பெயர் வைப்பது

"பாப்பா கோவமா இருக்கா", "அவளுக்குப் பயமா இருக்காம்", "அவனுக்குத் தூக்கம் வருது"... குழந்தைகள் பொம்மையை வைத்து விளையாடும்போது இப்படிப்பட்ட சொற்கள் நிறைய வரும். மனதுக்குள் நடப்பதைச் சொல்லும் இந்தச் சொற்கள், டேப்லெட்டில் கேம் ஆடும்போது வருவதைவிட, தனியாகப் பொம்மையோடு விளையாடும்போது அதிகம் வந்ததாக பிரிட்டனின் கார்டிஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022-ல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது.

3. பேச்சும் கதையும்

பொம்மை தானாகப் பேசாது. எல்லா வசனத்தையும் குழந்தையே பேச வேண்டும். கேள்வியும் அதுவே, பதிலும் அதுவே. "மொதல்ல குளிக்கணும், அப்புறம் சாப்பிடணும், அதுக்கப்புறம் ஸ்கூல்" என்று வரிசை போட வேண்டும். ஒரு சம்பவத்தை முன்னும் பின்னுமாகக் கோத்துச் சொல்லும் பழக்கம் இதில் ஏற்படுகிறது.

4. பயத்தைக் கையாள்வது

ஊசி போட்டுவிட்டு வந்த குழந்தை, வீட்டில் பொம்மைக்கு வரிசையாக ஊசி போடும். நிஜத்தில் தான் எதுவும் செய்ய முடியாமல் இருந்த இடத்தில், ஆட்டத்தில் ஊசி அதன் கையில் இருக்கிறது. இதையே மருத்துவ உலகம் பயன்படுத்திக்கொள்கிறது. 'டெடி பேர் ஹாஸ்பிடல்' என்ற பெயரில் பல நாடுகளில் மருத்துவ மாணவர்கள் ஒரு நிகழ்ச்சி நடத்துகிறார்கள். குழந்தைகள் தங்கள் பொம்மையை 'நோயாளி'யாகக் கொண்டுவந்து காட்டுவார்கள். இதில் பங்கேற்ற மழலையர் பள்ளிக் குழந்தைகளுக்கு மருத்துவமனை பற்றிய பயம் குறைந்ததாக, 2008-ல் வெளியான இஸ்ரேல் ஆய்வு ஒன்று கூறுகிறது.

மூளைக்குள் என்ன நடக்கிறது?

கார்டிஃப் பல்கலைக்கழகத்தின் இன்னொரு ஆய்வு 2020 அக்டோபரில் வெளியாகி உலகம் முழுக்கச் செய்தியானது. 4 முதல் 8 வயது வரையிலான 33 குழந்தைகள் இதில் கலந்துகொண்டார்கள். அவர்கள் தலையில் சென்சார் பொருத்திய தொப்பி ஒன்று மாட்டப்பட்டது. மெல்லிய அகச்சிவப்பு ஒளி மூலம் மூளையின் எந்தப் பகுதிக்கு ரத்த ஓட்டம் அதிகமாகிறது என்று அது காட்டும். வலிக்காது, குழந்தை சாதாரணமாக அசைந்து விளையாடலாம்.

காதுக்கு அருகே, மூளையின் பக்கவாட்டில் உள்ள ஒரு பகுதி, மற்றவர்களின் செயலையும் எண்ணத்தையும் புரிந்துகொள்ளும் வேலையோடு தொடர்புடையது. குழந்தைகள் இன்னொருவரோடு சேர்ந்து பொம்மை விளையாடும்போது அந்தப் பகுதி சுறுசுறுப்பானது. இது எதிர்பார்த்ததுதான். ஆச்சரியம் என்னவென்றால், தனியாகப் பொம்மையோடு விளையாடும்போதும் அது அதே அளவுக்குச் செயல்பட்டது. தனியாக டேப்லெட் கேம் ஆடும்போது அந்த அளவுக்குச் செயல்படவில்லை. இதில் ஆண் குழந்தை, பெண் குழந்தை என்ற வித்தியாசம் தெரியவில்லை.

ஆனால் ஒரு நிமிடம்...

இந்த ஆய்வுக்கு நிதி கொடுத்தது யார் தெரியுமா? பார்பி பொம்மையைத் தயாரிக்கும் மேட்டல் நிறுவனம். ஆய்வாளர்கள் அதை மறைக்கவில்லை, கட்டுரையிலேயே சொல்லியிருக்கிறார்கள். நிதி வந்ததாலேயே முடிவு பொய் என்று ஆகிவிடாது. ஆனால் 33 குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வு என்பதையும், மூளையின் ஒரு பகுதி செயல்பட்டது என்பதும் குழந்தையிடம் இரக்க குணம் வளர்ந்துவிட்டது என்பதும் ஒன்றல்ல என்பதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இதைவிடப் பெரிய எச்சரிக்கை 2013-லேயே வந்துவிட்டது. அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஏஞ்சலின் லில்லார்டு தலைமையிலான குழு, பாவனை விளையாட்டு பற்றி அதுவரை வந்த ஆய்வுகளை மொத்தமாக எடுத்து அலசியது. அவர்கள் கேட்ட கேள்வி எளிமையானது. பாவனை விளையாட்டால்தான் குழந்தை வளர்கிறதா? அல்லது அது வளர்ச்சிக்கான பல வழிகளில் ஒரு வழியா? அல்லது நன்றாக வளரும் குழந்தை இயல்பாகவே இப்படி விளையாடுகிறதா?

'இதனால்தான் அது' என்று அடித்துச் சொல்ல ஆதாரம் போதாது என்பது அவர்களின் முடிவு. கற்பனைத்திறன், பிரச்னைகளுக்குத் தீர்வு காணும் திறன் ஆகியவை இதனால் கூடும் என்பதற்கு வலுவான சான்று இல்லை. மொழி, கதை சொல்லல், உணர்ச்சிக் கட்டுப்பாடு ஆகியவற்றில் பாவனை விளையாட்டுக்குப் பங்கு இருக்கலாம், ஆனால் இன்னும் நல்ல ஆய்வுகள் தேவை என்றார்கள். எனவே, 'இந்தப் பொம்மை வாங்கினால் பிள்ளையின் அறிவு வளரும்' என்று எந்த விளம்பரமாவது சொன்னால் நம்ப வேண்டியதில்லை.

பொம்மை தப்பாகவும் கற்றுக்கொடுக்குமா?

கொடுக்கலாம். அல்லது, வீடும் ஊரும் ஏற்கெனவே கற்றுக்கொடுத்ததை வெளியே காட்டலாம். அமெரிக்காவில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற கறுப்பின உளவியலாளர் தம்பதி நடத்திய ஆய்வு இதற்குப் பெரிய சாட்சி. 3 முதல் 7 வயது வரையிலான 253 கறுப்பினக் குழந்தைகளிடம், நிறம் தவிர மற்றபடி ஒரே மாதிரியான பொம்மைகளைக் காட்டினார்கள். 'எந்தப் பொம்மையோடு விளையாட ஆசை? எது நல்ல பொம்மை? எது பார்க்க மோசமாக இருக்கிறது?' என்று கேட்டார்கள். சுமார் மூன்றில் இரண்டு பங்கு குழந்தைகள் விளையாட வெள்ளைப் பொம்மையைக் கேட்டார்கள். பாதிக்கும் மேற்பட்டோர், மோசமாக இருப்பதாகக் காட்டியது தங்கள் நிறத்துப் பொம்மையை. பள்ளிகளில் நிறப் பிரிவினை சட்டவிரோதம் என்று 1954-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, கென்னத் கிளார்க்கின் ஆய்வையும் குறிப்பிட்டது.

2014-ல் வெளியான இன்னொரு அமெரிக்க ஆய்வில், 4 முதல் 7 வயது வரையிலான 37 பெண் குழந்தைகள் கலந்துகொண்டார்கள். சிலருக்கு பார்பி பொம்மையும் சிலருக்கு உருளைக்கிழங்கு வடிவ பொம்மையும் கொடுத்து சில நிமிடங்கள் விளையாட விட்டார்கள். பிறகு, "நீ பெரியவளானா எந்தெந்த வேலைக்குப் போகலாம்? பையன்கள் எந்தெந்த வேலைக்குப் போகலாம்?" என்று கேட்டார்கள். பார்பியோடு விளையாடியவர்கள், பையன்களுக்குச் சொன்னதைவிடத் தங்களுக்குக் குறைவான வேலைகளையே சொன்னார்கள். டாக்டர் உடை போட்ட பார்பியும் இதைப் பெரிதாக மாற்றவில்லை. இதுவும் சிறிய ஆய்வுதான் என்றாலும், நம் வீட்டுப் பொம்மைக் கூடையை ஒருமுறை பார்க்கச் சொல்கிறது. எல்லாப் பொம்மையும் வெள்ளையாக, மெலிதாக, தங்க நிற முடியோடுதான் இருக்கிறதா?

பையன் பொம்மை வைத்து விளையாடலாமா?

தாராளமாக! பொம்மையைக் குளிப்பாட்டி, தூங்க வைக்கும் பையன் பழகுவது பார்த்துக்கொள்ளும் வேலையை. நாளைக்கு அவனும் ஒரு அப்பாவாகவோ, டாக்டராகவோ, நர்ஸாகவோ ஆகலாம். வீட்டில் தம்பி, தங்கை பிறக்கப்போகும் நேரத்தில் இந்த விளையாட்டு இன்னும் கைகொடுக்கும். "பொம்பள விளையாட்டு" என்ற கேலி, அந்தக் குழந்தையிடம் இருந்து உணர்ச்சிகளைப் பேசிப் பழகும் ஒரு வாய்ப்பைப் பறிக்கிறது. அதைத் தவிர வேறு பலன் எதுவும் அதில் இல்லை.

பேசும் பொம்மை வாங்கலாமா?

பட்டனை அமுக்கினால் பாடும், பேசும் பொம்மைகள் கடை முழுக்க இருக்கின்றன. 2015-ல் வெளியான ஒரு ஆய்வில், 10 முதல் 16 மாதக் குழந்தைகளும் பெற்றோருமாக 26 ஜோடிகளின் விளையாட்டு நேரப் பேச்சு பதிவு செய்யப்பட்டது. ஒளியும் ஒலியும் வரும் பொம்மைகள் இருக்கும்போது பெற்றோர் பேசுவது குறைந்தது. சாதாரணப் பொம்மைகளும் புத்தகங்களும் இருக்கும்போது பேச்சு அதிகமாக இருந்தது. பொம்மை பேசினால் நாம் பேசுவதை நிறுத்திவிடுகிறோம்.

இணையத்தோடு இணைந்த பொம்மைகளில் இன்னொரு ஆபத்தும் உண்டு. குழந்தையின் பேச்சைக் கேட்டுப் பதில் சொல்லும் 'மை ஃப்ரெண்ட் கெய்லா' என்ற பொம்மையை, மறைவாக ஒட்டுக்கேட்கும் கருவியாகப் பயன்படக்கூடும் என்று சொல்லி 2017-ல் ஜெர்மனி தடை செய்தது.

பெற்றோர் என்ன செய்யலாம்?

• நேரம் கொடுங்கள்: டியூஷன், ரைம்ஸ், டிராயிங் கிளாஸ் எல்லாவற்றுக்கும் நடுவில், யாரும் எதுவும் சொல்லிக்கொடுக்காத அரை மணி நேரமாவது இருக்கட்டும்.

• கூப்பிட்டால் போங்கள்: "நீதான் பாப்பா" என்றால் பாப்பாவாக இருங்கள். கதையைக் குழந்தை நடத்தட்டும். "டாக்டர் அப்படிப் பண்ண மாட்டாரு" என்று திருத்த வேண்டாம்.

• கேள்வி கேளுங்கள்: "பாப்பா ஏன் அழுதா?", "இப்போ அவளுக்கு என்ன வேணுமாம்?" இந்த மாதிரிக் கேள்விகள் போதும்.

• செலவு தேவையில்லை: பழைய துண்டைச் சுருட்டி நூல் கட்டினால் அதுவும் பாப்பாதான். சொப்பும் தேங்காய்ச் சிரட்டையும் போதும்.

• திரையைக் குறையுங்கள்: 2 வயதுக்குள் திரை வேண்டாம், 2 முதல் 4 வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2019-ம் ஆண்டு வழிகாட்டுதல்.

• பாதுகாப்பைப் பாருங்கள்: இந்தியாவில் விற்கப்படும் பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். 3 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கழன்று வரும் கண், பட்டன், மணி உள்ள பொம்மைகள் வேண்டாம். மூடி எளிதில் திறக்கும் பட்டன் பேட்டரி பொம்மைகள் வேண்டவே வேண்டாம். பேட்டரியை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

எப்போது டாக்டரைப் பார்க்க வேண்டும்?

பொம்மை பிடிக்காத குழந்தைகள் உண்டு. அவர்கள் காரை வைத்தோ, பாத்திரத்தை வைத்தோ பாவனை செய்வார்கள். அது பிரச்னை இல்லை. ஆனால், இரண்டு, இரண்டரை வயதாகியும் எந்தப் பொருளை வைத்தும் பாவனை விளையாட்டே இல்லை, கூடவே பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை, விரலால் சுட்டிக்காட்டுவதில்லை, பேச்சு தாமதமாகிறது என்றால் குழந்தைகள் நல மருத்துவரிடம் காட்டுவது நல்லது. 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கு ஆட்டிசம் வாய்ப்பை முதற்கட்டமாகக் கண்டறியும் 'எம்-சாட்' கேள்வித்தாளில், 'உங்கள் குழந்தை பாவனை செய்து விளையாடுகிறதா?' என்ற கேள்வி இருக்கிறது. அந்த ஒரு கேள்விக்கு 'இல்லை' என்பதாலேயே ஆட்டிசம் என்று அர்த்தமில்லை. சீக்கிரம் பார்த்தால் பயிற்சியைச் சீக்கிரம் தொடங்கலாம். 'பையன் லேட்டாத்தான் பேசுவான்' என்று தள்ளிப்போட வேண்டாம்.

இன்னொன்று. பொம்மையைக் குழந்தை அடிக்கிறது, திட்டுகிறது என்று பதற வேண்டாம். பார்த்ததையும் கேட்டதையும் கலந்துதான் குழந்தைகள் விளையாடுவார்கள். பொம்மையை வைத்துக் காட்டியதை மட்டும் கொண்டு 'இதுதான் நடந்தது' என்று முடிவு செய்யவும் முடியாது. அமெரிக்க உளவியலாளர் ஜூடி டெலோச், டொனால்ட் மார்சால்ஃப் ஆகியோர் 1995-ல் வெளியிட்ட ஆய்வில், தங்கள் உடம்பில் ஸ்டிக்கர் ஒட்டப்பட்ட இடத்தைப் பொம்மையில் காட்டுவதற்கே சின்னக் குழந்தைகள் தடுமாறினார்கள்.

ஆனால், ஒரே மாதிரியான வன்முறையையோ, வயதுக்கு மீறிய பாலியல் செய்கையையோ குழந்தை திரும்பத் திரும்ப ஆடினால், அதோடு தூக்கம், சாப்பாடு, நடத்தை மாறினால் அலட்சியம் வேண்டாம். மிரட்டாமல், துருவித் துருவிக் கேட்காமல், குழந்தை சொல்வதைக் கேளுங்கள். மனநல ஆலோசகரின் உதவியை நாடுங்கள். குழந்தைக்கு ஆபத்து என்று சந்தேகம் வந்தால் 1098 என்ற இலவச உதவி எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம்.

விளையாடுவது குழந்தையின் உரிமை என்று 1989-ம் ஆண்டின் ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 31-வது பிரிவு சொல்கிறது. இந்தியா 1992-ல் அதை ஏற்றுக்கொண்டது. அடுத்த முறை உங்கள் பிள்ளை பொம்மைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தால், ஹோம்வொர்க்குக்குக் கூப்பிடும் முன் ஐந்து நிமிடம் காத்திருங்கள். பொம்மை சாப்பிட்டு முடிக்கட்டும்.